நாலு மெஷின், ஒரு வீட்டுப் பத்திரம்

திருப்பூர் பனியன் கம்பெனியில் நல்ல டெய்லர் ஒருவரிடம் இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், சம்பள உயர்வைப் பற்றிப் பேசுவது அரிது. "நாலு மெஷின் வாங்கிப் போட்டுத் தனியா ஓட்டணும்ங்க" என்பார். இந்த ஆசைக்கு அந்த ஊரில் வேர் உண்டு. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட 'ஃபிராட்டர்னல் கேப்பிடல்' என்ற ஆய்வு நூல், உழவர் குடும்பங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் கூட்டுச் சேர்ந்து முதலாளிகளான கதையை விரிவாகச் சொல்கிறது. தொழில் முனைவோராவதன் நன்மை தீமைகளைப் பொத்தாம் பொதுவாகப் பேசுவதைவிட, அந்தக் கனவு உண்மையிலேயே பலித்த ஓர் ஊரை வைத்துப் பேசுவதே நேர்மையானது.

அங்கே கனவு பலிக்கக் காரணம், வேலை துண்டு துண்டாகப் பிரிந்து கிடப்பதுதான். நிட்டிங், சாயம், கட்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட்டுகள். முழு ஃபேக்டரி கட்ட வழியில்லாதவரும் ஒரு துண்டைப் பிடித்து உள்ளே நுழைந்துவிடலாம். தையல் யூனிட் என்றால் சில ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்கள், வாடகைக்கு ஒரு ஷெட், மின் இணைப்பு, அவ்வளவுதான். துணி கம்பெனியுடையது. எந்த டெய்லர் கழுத்துப்பட்டியை நேர்த்தியாக வைப்பார், எந்த மெஷினில் நூல் அறும் என்பதெல்லாம் புதிய உரிமையாளருக்கு அத்துப்படி. பட்டறையில் கற்ற கைப்பழக்கமே இங்கே முதலீடாகிறது. பட்டமும் பின்புலமும் கேட்கும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. வீட்டை ஒட்டிய அறையில் செக்கிங் வேலை எடுத்துச் செய்யும் பெண், பிள்ளை பள்ளியிலிருந்து வரும் நேரத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறது. சூப்பர்வைசரின் அதட்டல் இல்லை. இந்தத் தன்மதிப்பைப் பணத்தால் மட்டும் அளப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் வழி எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை. சாரி எழுதிய தலைமுறைக்குக் கவுண்டர் சமூகத்து உறவும் கூட்டாளிகளின் நம்பிக்கையும் கைகொடுத்தன. அந்தச் சுற்றம் இல்லாத தலித் தொழிலாளிக்கோ, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கித் தைப்பவருக்கோ அதே உழைப்பு அதே பலனைத் தருவதில்லை. உழைத்தால் முன்னேறலாம் என்று மேடையில் பேசுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

இனி, உள்ளே நுழைந்தவரின் கணக்கைப் பார்ப்போம். இருபது பேர் தைக்கும் ஒரு யூனிட்டில் வாரக் கூலி 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூலியைச் சனிக்கிழமை மாலை எண்ணிக் கொடுத்தாக வேண்டும். ஒரு வாரம் தவறினால் திங்கட்கிழமை டெய்லர் அடுத்த தெரு யூனிட்டில் உட்கார்ந்திருப்பார். தைத்த சரக்கை சலான் போட்டு அனுப்பி, பில் கொடுத்து, பணம் கைக்கு வர அறுபது நாள் ஆனால், முதல் பில் வருவதற்குள் கூலியாக மட்டும் ஏழு லட்சம் ரூபாய்க்குமேல் வெளியே நிற்கும். வாடகையும் மின்கட்டணமும் தனி. கம்பெனி பெரியது, யூனிட் சிறியது. கடன் கொடுப்பதோ சிறியவர். பணம் வரும்போதும் முழுதாக வராது. அளவு மாறிய பீஸ், எண்ணெய்க் கறை, ஷிப்மென்ட் தாமதம் என்று டெபிட் நோட் முன்னால் வந்து நிற்கும். தாமதத்துக்குச் சாயப்பட்டறை காரணமாக இருந்தாலும், வரிசையில் கடைசியாக நிற்கும் தையல்காரர் தலையில்தான் கழிவு விழுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதி, கெடு தாண்டியும் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட வாங்குபவரை விடுவதில்லை. ஆனால் நிலுவைப் புகாரை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சிலுக்கு மனு கொடுத்தவருக்கு அடுத்த ஆர்டர் யார் கொடுப்பார்? தன் ஒரே வாடிக்கையாளர்மேல் வழக்குப் போடும் துணிவைச் சிறு உரிமையாளரிடம் எதிர்பார்ப்பது, சட்டம் எழுதியவர்களின் பெரிய பிழை.

ஊரைத் தாண்டிய அதிர்ச்சிகளும் இவரைத்தான் முதலில் தாக்குகின்றன. 2011 ஜனவரியில், நொய்யலை மாசுபடுத்திய சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆற்றைச் சாகடித்துவிட்டுத் தொழில் நடத்தும் உரிமை யாருக்கும் இல்லை. அந்த ஆணை நியாயமானது. ஆனாலும் ஒரு சொட்டுச் சாயம்கூடக் கலக்காத தையல் யூனிட்டுகள் துணி வராமல் நின்றன. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோதும் இதே நிலைதான். ஆர்டர் குறைந்தால் ஏற்றுமதியாளர் முதலில் வெளியே கொடுக்கும் வேலையை நிறுத்திவிட்டு, தன் ஃபேக்டரி மெஷின்களை ஓட வைப்பார். அவர் பக்கம் நின்று பார்த்தால் அது சரியான முடிவே.

இங்கேதான் சென்னை, பெங்களூரு ஸ்டார்ட்அப் கதையும் திருப்பூர்க் கதையும் பிரிகின்றன. அங்கே பங்கு முதலீடு வாங்கிய நிறுவனம் விழுந்தால், நட்டத்தில் பெரும்பகுதி முதலீட்டாளருடையது. நிறுவனர் வேறு வேலைக்குப் போகலாம், இன்னொன்றைத் தொடங்கலாம். இங்கே பணம் கடனாக வருகிறது. தனி உரிமையாளர் தொழிலில் தொழிலின் கடன், சொந்தக் கடன் என்ற பாகுபாடே கிடையாது. தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன். அதன்பின் அடமானப் பத்திரத்தின் மேல், சொத்தை வங்கியே கைப்பற்ற வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் பாயலாம். திவாலைக் கௌரவமாகத் தீர்க்க 2016இல் வந்த சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிகளுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நடைமுறைக்கு வரவில்லை. சிறு முதலாளிக்கு எஞ்சியிருப்பது 1920ஆம் ஆண்டுச் சட்டமும், மஞ்சக் கடுதாசி கொடுத்தவன் என்ற பேச்சும். அந்தப் பேச்சுக்குப் பயந்து கந்துவட்டிக்குக் கடன் வாங்கியாவது யூனிட்டை ஓட்டுபவர்கள் உண்டு. நட்டத்தை அது இரட்டிப்பாக்குகிறது.

இன்னொரு கசப்பையும் சொல்லாமல் விட முடியாது. மேலிருந்து வரும் நெருக்கடியைச் சிறு உரிமையாளர் கீழே தள்ளுகிறார். பத்துப் பேர் என்றால் இ.எஸ்.ஐ., இருபது பேர் என்றால் பி.எஃப். என்பதால் பதிவேட்டில் ஆள் எண்ணிக்கை சுருங்குகிறது. மனைவியும் தாயும் இரவில் பிசிறு வெட்டும் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதையும் சேர்த்தால், பல யூனிட்டுகளின் லாபம் ஒரு குடும்பத்தின் கூலிக்குக்கூட ஈடாகாது.

ஆகவே தனியாக ஓட்டப் போகிறேன் என்பவரைத் தடுக்க மாட்டேன். மெஷின் விலையைவிட மூன்று மாதக் கூலிக்கான பணத்தை முதலில் சேர்க்கச் சொல்வேன். ஒரே கம்பெனியை நம்பாமல் இரண்டு, மூன்று இடத்தில் வேலை எடுக்கச் சொல்வேன். வீட்டுப் பத்திரத்தை வைப்பதற்கு முன், ஈடில்லாக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தரும் சிஜிடிஎம்எஸ்இ திட்டத்தில் கடன் தர முடியுமா என்று வங்கி மேலாளரிடம் கேட்கச் சொல்வேன்.

அரசு செய்ய வேண்டியது வேறு. பில்லை உடனே பணமாக்கும் ட்ரெட்ஸ் தளத்தில், தனியார் நிறுவனங்களில் 250 கோடி ரூபாய்க்குமேல் விற்றுமுதல் உள்ளவை மட்டுமே கட்டாயம் சேர வேண்டும். திருப்பூர் ஏற்றுமதியாளர்களில் பெரும்பாலோர் அந்த வரம்புக்குக் கீழே இருப்பதால், தையல் யூனிட்டின் பில் அந்தத் தளத்துக்கு வெளியிலேயே கிடக்கிறது. அந்த வரம்பைக் குறைக்க வேண்டும். நிலுவைக்கான மனுவை, தனி ஆள் பெயர் வெளியே தெரியாமல், யூனிட் உரிமையாளர் சங்கமே கொடுக்க வழி செய்ய வேண்டும்.