கால்களால் கட்டிய வேலி

சிங்கப்பூர்க் கரையை மீன்கள் தாக்கிய கதை ஜொகூரில் உருவான ஒரு நூலில் இருக்கிறது. ஜொகூர் அரசவையில் பெண்டஹாராவாக, அதாவது தலைமை அமைச்சராக இருந்த துன் ஸ்ரீ லானாங் 1612இல் செப்பனிட்டதாக அறியப்படும் 'செஜாரா மெலாயு' அது. 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்த அந்த நூலை வரலாற்று மாணவர்கள் மலாக்கா அரச வம்சத்துக்காகப் படிக்கிறார்கள். மிகுபுனைவு எழுத வருகிறவர்கள் வேறு காரணத்துக்காகப் படிக்கலாம். மனிதனும் விலங்கும் மோதும் காட்சியை எப்படி எழுதினால் வாசகர் நம்புவார், எங்கே நம்ப மறுப்பார் என்ற இரண்டுக்கும் அதில் பாடம் உண்டு.

கதை இதுதான். கூர்மூக்கு மீன்கள் கடலிலிருந்து கூட்டம் கூட்டமாகத் துள்ளிக் கரையில் நிற்பவர்களைக் குத்துகின்றன. மார்பு, கழுத்து, இடுப்பு என்று பட்ட இடமெல்லாம் துளைத்துக்கொண்டு போகின்றன. யானைமேல் வந்து பார்த்த அரசன், ஆட்களைக் கரை நெடுக வரிசையாக நிறுத்தி அவர்களுடைய கால்களையே வேலியாக்கச் சொல்கிறான். சாவு கூடுகிறது. அப்போது ஒரு சிறுவன் கேட்கிறான்: காலை எதற்கு வேலியாக்க வேண்டும், வாழைமரத்தை வெட்டி நிறுத்தினால் ஆகாதா? நிறுத்தினார்கள். பாய்ந்து வந்த மீன்களின் மூக்கு வாழையில் செருகி மாட்டிக்கொண்டது. மக்கள் வெட்டித் தள்ளினார்கள். ஆபத்து நீங்கியதும் பெரியவர்கள் அரசனின் காதில் ஓதுகிறார்கள். இந்த வயதிலேயே இவ்வளவு மூளை என்றால் வளர்ந்தபின் என்ன ஆகும்? சிறுவனைக் கொன்றுவிடுகிறார்கள்.

நானூறு ஆண்டுப் பழைய இந்தச் சண்டை இன்றும் நிற்பதற்கு முதல் காரணம் மீனின் உடம்பு. அதற்கு இருப்பது ஒரே ஆயுதம், நீண்ட மூக்கு. எதிரியைக் குத்துவதும் அதுதான், வாழையில் சிக்கி அதைக் கைதியாக்குவதும் அதுதான். பலமும் பலவீனமும் ஒரே உறுப்பில் இருப்பதால் தீர்வு வெளியிலிருந்து வந்து விழவில்லை. முதல் பத்தியிலேயே வாசகர் கண்முன் கிடந்தது. இதில் கற்பனை குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். முரல் மீன் இரவில் விளக்கொளியைக் கண்டு தண்ணீரிலிருந்து பாய்வதும், படகில் இருப்பவர்களைக் குத்திக் காயப்படுத்துவதும் மீனவர் அறிந்தவை. உயிர் போன சம்பவங்களும் உண்டு. நிஜத்தில் ஒன்றிரண்டு மீன் செய்வதைக் கதை ஆயிரம் மீனைச் செய்ய வைத்தது, அவ்வளவே. வாழைமரமும் ஊரில் கொல்லைக்குக் கொல்லை நிற்பது. நீரும் நாருமான அதன் உடலில் கூரான எதுவும் சுலபமாக இறங்கும், சுலபமாகத் திரும்பாது.

இரண்டாவது காரணம் மனிதர்கள். இந்த மோதலில் மீனுக்குக் குணம் இல்லை, குணமெல்லாம் கரையில் நிற்கிறது. ஆபத்து வந்ததும் அரசனின் கை முதலில் எட்டும் பொருள் குடிமக்களின் கால். அவன் கொடியவன் என்று நூல் எங்கும் சொல்லத் தேவைப்படவில்லை, அந்த ஆணையே போதும். சிறுவன் கேட்பது வீர வசனம் அல்ல, அன்றாடம் வாழையைப் பார்த்து வளர்ந்த பிள்ளையின் கேள்வி. அமைச்சர்கள் மீனுக்கு அஞ்சியதைவிட மூளைக்கு அதிகம் அஞ்சுகிறார்கள். விலங்குச் சண்டை முடிந்த பிறகுதான் கதையின் உண்மையான கொலை நடக்கிறது என்பது துணிச்சலான அமைப்பு. மீன் வந்ததற்கும் ஒரு முன்கணக்கு உண்டு. பாசாயிலிருந்து வந்த துன் ஜானா கத்திப் என்பவரை அதே அரசன் அநியாயமாகக் கொல்லவைத்த செய்தி இதற்குச் சற்று முன்னால் வருகிறது.

இன்றைய மிகுபுனைவில், தமிழானாலும் வேறு மொழியானாலும், பெரும்பாலும் நடப்பது வேறு. முதல் அத்தியாயத்தில் பனைமர உயரத்துக்கு ஒரு பூதம். அது செத்தால் அடுத்த அத்தியாயத்தில் கோபுர உயரத்துக்கு ஒன்று. உருவம் பெருகப் பெருகப் பயம் குறைகிறது. அளவை ஏற்றுவதற்கு ஒரு விலை உண்டு என்பதை உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1926இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். மனிதனைவிடப் பத்து மடங்கு உயரமும் அதே விகிதத்தில் அகலமும் தடிமனும் கொண்ட அரக்கனின் எடை ஆயிரம் மடங்காகும். எலும்பின் குறுக்குப் பரப்போ நூறு மடங்குதான். முதல் அடி வைக்கும்போதே தொடை எலும்பு முறியும். கதாசிரியர் இயற்பியலுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். ஆனால் எடை என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டால், அரக்கன் நடக்கும்போது தரை அதிர்வதையும், திரும்ப அவனுக்கு நேரம் பிடிப்பதையும், சேற்றில் அவன் கால் புதைவதையும் சேர்த்தே இழக்கிறார். சண்டைக்கான சரக்கு அங்கேதான் இருக்கிறது.

எடையை ஆயுதமாக்கிய சண்டைக்கு டோல்கீனின் ஷெலோப் நல்ல எடுத்துக்காட்டு. மலைக்குகையின் ராட்சதச் சிலந்தியைக் கொல்லும் வலிமை தோட்டக்காரன் சாமுக்குக் கிடையாது. அவன் வாளை நிமிர்த்திப் பிடிக்கிறான். அவனை நசுக்கத் தன் பாரத்தைக் கீழே இறக்கும் சிலந்தி தானே வாளில் செருகிக்கொள்கிறது. கூர்மூக்கு மீனும் வாழையும் செய்த அதே கணக்கு. சாம் மாவீரனாக மாறவில்லை, விழுந்து கிடக்கும் எசமானனை விட்டுப் போக மனமில்லாத வேலைக்காரனாகவே கடைசிவரை இருக்கிறான். அதனால்தான் அவன் பிழைப்பது நம்பும்படி இருக்கிறது.

சண்டையை இப்படி நம்பவைக்க வேண்டும் என்ற தேவைக்கு ஒரு எழுத்து முறையே உண்டு. முதலில் விதிகளை வகுப்பது, பிறகு கதையை எழுதுவது. 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு, ஒவ்வொரு விலங்குக்கும் பலத்தை எண்களில் குறித்தது. மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007இல் அந்தப் போக்குக்கு ஒரு கொள்கை வடிவம் தந்தார்: மாயசக்தியைக் கொண்டு சிக்கலைத் தீர்ப்பதாக இருந்தால், அந்தச் சக்தி எப்படி வேலை செய்கிறது என்பது வாசகருக்கு முன்பே விளங்கியிருக்க வேண்டும். இதன் நன்மையை மறுக்க முடியாது. கதாநாயகன் மாட்டிக்கொண்ட கணத்தில் வானத்திலிருந்து ஒரு வாள் விழும் சோம்பேறித்தனம் இதனால் குறைந்தது. வாசகர் ஏமாற்றப்படவில்லை என்ற நம்பிக்கை வந்தது.

கெடுதலும் அங்கிருந்தே தொடங்குகிறது. விதிப்பட்டியல் கையில் இருந்தால் சண்டை கணக்குப் பாடமாகிவிடுகிறது. மூன்றாம் நிலை நாகத்தை ஐந்தாம் நிலை வீரன் வெல்வான் என்று தெரிந்தபின் பக்கத்தைப் புரட்ட என்ன இருக்கிறது? இந்த முறையில் எழுதப்படும் கதைகளில் கதாநாயகனைத் தூக்கிவிட்டு அவன் தங்கையை நிறுத்தினாலும் அதே வெட்டு, அதே முடிவு. சண்டையின் ஒவ்வொரு திருப்பமும் அந்த ஆளின் சுபாவத்திலிருந்து வரவில்லை என்றால் விதி எவ்வளவு கச்சிதமாக இருந்தும் பலனில்லை.

கல்கிக்கு இது தெரிந்திருந்தது. 'பொன்னியின் செல்வ'னில் மிகுபுனைவு கிடையாது. ஆனால் ஒரு முதலைச் சண்டை உண்டு. பெண்களை நோக்கி வாய் பிளந்து கிடக்கும் முதலையைக் கண்டு வந்தியத்தேவன் வேலை எறிந்துவிட்டுப் பாய்கிறான். அது செத்துப்போய்ப் பஞ்சு அடைக்கப்பட்ட முதலை. விலங்கு அசையவே இல்லை, ஆனாலும் அந்தச் சண்டை முடியும்போது அவனுடைய அவசரம், நல்ல மனசு, அசடு வழிந்தபின் சமாளிக்கும் வாய் எல்லாம் தெரிந்துவிடுகின்றன. பத்துப் பக்க வருணனை தராததை ஒரு பொம்மை முதலை தந்தது.

புலிக்கு வருவோம், ஜொகூரில் இருந்துகொண்டு புலியைத் தவிர்க்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூர் நீரிணையை நீந்திக் கடந்து சிங்கப்பூரின் மிளகு, கம்பீர் தோட்டங்களுக்குப் புலிகள் போன செய்திகள் பதிவாகியிருக்கின்றன. இன்று மலேசியக் காடுகளில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு. ஜொகூரின் எண்டாவ் ரொம்பின் காடு அவற்றின் இருப்பிடங்களில் ஒன்று. ஆனால் கதைகளில் வரும் புலி எப்படி இருக்கிறது? எதிரே வந்து நின்று, உறுமி, கதாநாயகன் வாளை உருவும்வரை பொறுத்திருந்து பாய்கிறது. அசல் புலி பதுங்கி, பெரும்பாலும் பின்னாலிருந்து வரும், கழுத்தைக் கவ்வும். 1980களில் சுந்தரவனத்தில் காட்டுக்குள் போனவர்கள் தலையின் பின்புறம் மனித முகமூடி மாட்டிக்கொண்டது இதனால்தான்; சில காலம் அதற்குப் பலனும் இருந்தது.

அந்தப் பின்மண்டை முகம் எந்த மாயவாளையும்விட நல்ல கதைப்பொருள். ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டு விடியலுக்கு முன்பே, குளிர்ச்சியில் பால் நன்றாக ஒழுகும் நேரத்தில் தொடங்குவது. இருட்டில் மரத்தைப் பார்த்துக் குனிந்து, முதுகைக் காட்டுக்குக் கொடுத்து நிற்கும் வேலை. குளுவாங்கிலோ சிகாமட்டிலோ ஒரு புலிமனிதன் கதையை எழுத நினைக்கும் தமிழர், டிராகனை இறக்குமதி செய்யுமுன் இந்த நிலையை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். மலேசியாவிலிருந்து கிளம்பிய ஆங்கில எழுத்தாளர்கள் இப்படி யோசித்திருக்கிறார்கள். யாங்ஸி சூவின் 'தி நைட் டைகர்' 1930களின் பேராக்கில் புலிமனித நம்பிக்கையை வைத்து நகர்கிறது. ஜென் சோவின் 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' நாவலில் பினாங்குக்குத் திரும்பும் பெண்ணைப் பிடிக்கும் ஆவி அவளுடைய சொந்தப் பாட்டி. பேயைவிடப் பாட்டியின் பிடிவாதம்தான் அதிகம் பயமுறுத்துகிறது.

துல்லியத்தைப் பிடித்துக்கொண்டால் வியப்பு செத்துவிடும் என்ற எதிர்வாதம் இருக்கிறது. அதில் பாதி சரி. செஜாரா மெலாயு சொல்லும் பாடாங் கதையை எடுத்துக்கொள்ளலாம். அவன் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள சாயோங்கைச் சேர்ந்தவரின் அடிமை. அவன் வைத்த மீன்பொறியில் மீன் காணாமல் போகிறது, முள்ளும் செதிலும் மட்டும் மிஞ்சுகின்றன. ஒளிந்திருந்து பார்க்கிறான். நெருப்புக் கண்ணும் நீண்ட தாடியும் கொண்ட பேய் ஒன்று மீனைத் தின்கிறது. பாய்ந்து தாடியைப் பிடித்துவிடுகிறான். உயிருக்குக் கெஞ்சும் பேய் வரம் தருவதாகச் சொல்கிறது. இங்கே பாடாங் யோசிப்பதுதான் நூலின் உச்சங்களில் ஒன்று. செல்வம் கேட்டால் அது எசமானனுக்குப் போய்ச் சேரும். கண்ணுக்குத் தெரியாமல் மறையும் வித்தை கேட்டால் கொன்றுவிடுவார்கள். பலம் கேட்போம், எசமானன் வேலையைச் செய்ய உதவும். அடிமையின் மனம் இதைவிடச் சுருக்கமாக எழுதப்படுவது கடினம். வரம் கேட்கும்போதுகூட அவனால் தனக்கென்று எதையும் எண்ண முடியவில்லை.

பலம் கிடைக்கும் வழி பேய் கக்கியதைத் தின்பது. வாந்திக்கு ஏன் அந்தச் சக்தி என்று நூல் விளக்கவில்லை, எந்த வாசகரும் கேட்பதில்லை. தின்னும்போதும் தாடியை விடாமல் பிடித்திருந்தான் என்ற தகவல்தான் அந்தக் காட்சியைத் தாங்குகிறது. மாயத்துக்கு விளக்கம் வேண்டாம். மாயத்தின் முன் நிற்பவனின் கை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நிஜ வாழ்விலும் ஜொகூரில் இதற்கு ஒரு சான்று உண்டு. 2005 இறுதியில் கோத்தா திங்கி வட்டாரத்தில் பத்தடி உயர ரோம மனிதனைப் பார்த்ததாகப் பேச்சு கிளம்பியது. 2006 தொடக்கத்தில் ஜொகூர் மாநில அரசே தேடுதலுக்கு ஏற்பாடு செய்வதாக அறிவிக்கும் அளவுக்கு அது பரவியது. ஆட்களின் பேச்சில் உயரத்தோடு காலடித் தடமும் வந்தது. எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் ஒரு மிருகத்தை நம்பவைக்க எது வேண்டும் என்பதை அந்தச் சில மாதங்கள் நன்றாகவே காட்டின.

செஜாரா மெலாயு எல்லா இடத்திலும் இப்படி வெல்வதில்லை. பலசாலியான பாடாங் சிங்கப்பூர் அரசனின் வீரனாகிறான். அவன் புகழ் கேட்டுக் கலிங்க மன்னன், தென்னிந்தியாவிலிருந்து என்று கொள்ளலாம், நாடி விஜய விக்கிரமன் என்ற மல்லனை ஏழு கப்பல்களோடு அனுப்புகிறான். தோற்றால் ஏழு கப்பல் சரக்கும் சிங்கப்பூருக்கு. அரண்மனை முன் கிடந்த பாறையை விக்கிரமன் முழங்கால்வரை தூக்கிப் போடுகிறான்; பாடாங் அதை ஆற்றின் முகத்துவாரம்வரை வீசுகிறான். 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட சிங்கப்பூர்க் கல்வெட்டுப் பாறையை மக்கள் அந்தப் பாறையோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். அதன் ஒரு துண்டு சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

போட்டியாக இது விறுவிறுப்பானது, மோதலாகச் சப்பென்று இருக்கிறது. பேயின் தாடியைப் பிடித்தபோது யோசித்த பாடாங் இங்கே யோசிப்பதில்லை, வீசுகிறான், அவ்வளவுதான். எதிராளியோ ஒரு பெயரும் ஒரு முழங்காலும் மட்டுமே. கம்பன் சடாயுவுக்கு இப்படிச் செய்யவில்லை. வில்லை முறித்துத் தேரைச் சிதைக்கும் அந்தக் கிழப்பறவைக்குத் தசரதனின் நட்பு என்ற காரணம் இருக்கிறது. இராவணனுக்கோ பறவையிடம் அவமானப்பட்டு, கடைசியில் சிவன் தந்த வாளை எடுக்கவேண்டிய நெருக்கடி இருக்கிறது. இருபுறமும் இழப்பதற்கு ஏதோ இருப்பதால் ஒவ்வொரு அடியும் கனக்கிறது. விக்கிரமனுக்கும் இழப்பதற்கு ஏழு கப்பல்கள் இருந்தன, நூல் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. கதையை இன்று தமிழில் திருப்பி எழுதுகிறவருக்கு, பாறையை முழங்கால்வரை தூக்கியவன் அதைக் கீழே போடுமுன் எதை நினைத்தான் என்று சொல்ல ஒரு பத்தி போதும். அதற்கு முன்னால், அவனைக் கப்பலேற்றிய மன்னனைப் பற்றி மூன்று பத்தியாவது எழுத வேண்டியிருக்கும்.