பெனால்டிக்கு முந்தைய 210 நிமிடங்கள்

பெனால்டியில் முடிந்த ஆட்டம் என்றால், "எல்லாம் டோட்டோ குலுக்கல்தான்" என்று பொங்கோல் காப்பிக்கடையில் யாராவது சொல்லிவிடுவார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு ஆட்டங்களாக நடக்கும் சுற்றில் சொந்த மண்ணில் ஒன்று, எதிரி மண்ணில் ஒன்று. கூடுதல் நேரத்தையும் சேர்த்தால் 210 நிமிடங்கள். அவற்றைப் பார்த்தவருக்குத்தான் அந்தப் பத்து உதைகளின் கனம் புரியும்.

தென்னமெரிக்கக் காற்பந்துக் குழுக்களுக்கான 2008 கோபா லிபர்ட்டடோரஸ் இறுதிச் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்திலிருந்து 2,850 மீட்டர் உயரத்திலுள்ள கீட்டோவில் எல்டியு குழு ஃபுளுமினென்ஸே குழுவை 4-2 என வென்றது. ஒரு வாரம் கழித்து ரியோவின் மரக்கானா அரங்கில் ஃபுளுமினென்ஸே 3-1 என வென்றது. மூன்று கோல்களும் தியாகோ நெவெஸ் போட்டவை. மொத்தம் 5-5. பெனால்டியில் அதே நெவெஸின் உதையைத் தடுத்தார் 37 வயது கோல்காப்பாளர் செவால்லோஸ். அவர் தடுத்தவை மூன்று. எக்குவடோர் நாட்டுக்கு முதல் லிபர்ட்டடோரஸ் கிண்ணம் அப்படித்தான் கிடைத்தது. முதல் ஆட்டத்தில் எல்டியு ஒரு கோல் குறைவாகப் போட்டிருந்தால் பெனால்டிக்கே வேலை இருந்திருக்காது. அதனால், முதல் ஆட்டத்தில் முன்னிலை பெற்ற குழு இன்னொரு கோலுக்குப் போகிறதா, கிடைத்ததைக் காத்துக்கொண்டு நிற்கிறதா என்று கவனியுங்கள்.

நமக்கு நெருக்கமானது 2007 ஆசியான் வெற்றியாளர் கிண்ண அரையிறுதி. ஷா ஆலமில் சிங்கப்பூர் 1, மலேசியா 1. நான்கு நாள் கழித்து, ஜனவரி 27 அன்று கல்லாங்கின் பழைய தேசிய விளையாட்டரங்கிலும் 1-1. பின்தங்கிய சிங்கப்பூரை ரிதுவானின் கோல் மீட்டது. பெனால்டியில் சிங்கப்பூருக்கு 5-4 வெற்றி. கோல்காப்பாளர் லயனல் லூயிஸ் பந்தைத் தடுத்த கணத்தில் அரங்கமே அதிர்ந்தது. பயிற்றுநர் ராடி அவ்ரமோவிச் தாமும் ஒரு காலத்தில் கோல்காப்பாளராக ஆடியவர் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தால் இன்னும் சுவை கூடும். பிறகு தாய்லாந்தை இரு ஆட்டங்களில் 3-2 என வென்று சிங்கப்பூர் கிண்ணத்தைத் தக்கவைத்தது.

கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் பந்தை விட்டுவிட்டு ஆட்டக்காரர்களின் கால்களைப் பாருங்கள். யாருக்குத் தசைப்பிடிப்பு, பெனால்டிக்கென்றே யாரை இறக்குகிறார்கள் என்பது தெரியும். நாணயச் சுண்டலையும் தவறவிடாதீர்கள்: எந்தப் பக்கத்துக் கோல்கம்பம், யார் முதலில் உதைப்பது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது.

உதைக்கும்போது எல்லாக் கண்களும் உதைப்பவர்மேல் இருக்கும். நீங்கள் கோல்காப்பாளரைப் பாருங்கள். 11 மீட்டர் தூரம், கம்பங்களுக்கிடையே 7.32 மீட்டர் அகலம். பந்து கிளம்பியபின் யோசிக்க நேரமில்லை. உதைக்கும் கணத்தில் அவருடைய ஒரு காலாவது கோட்டிலோ அதற்கு நேராகவோ பின்னாலோ இருந்தாக வேண்டும். முன்கூட்டியே பாய்கிறாரா, கடைசி நொடிவரை அசையாமல் நின்று உதைப்பவரைத் தடுமாற வைக்கிறாரா? என் கணிப்பில் இரண்டாவது வகையினரே பெரிய கோல்காப்பாளர்கள்.

லிபர்ட்டடோரஸ் இறுதி 2019 முதல் ஒரே ஆட்டமாகிவிட்டது. அது பேரிழப்பு. ஆசியான் கிண்ணத்தில் அரையிறுதியும் இறுதியும் இன்னும் இரண்டு ஆட்டங்களாகவே நடக்கின்றன. 2024 அரையிறுதியில் வியட்னாமுடனான முதல் ஆட்டத்தைச் சிங்கப்பூர் ஜாலான் புசார் அரங்கில் ஆடியது. அடுத்த முறை அங்கே முதல் ஆட்டம் நடந்தால், பொங்கோலிலிருந்து வடகிழக்கு ரயிலேறி ஃபேரர் பார்க்கில் இறங்கி நடந்துவிடுங்கள். இரண்டாவது ஆட்டம்வரை காத்திருக்காதீர்கள்.