கூந்தலும் மயிரும்

தமிழ்க் கவிதையில் பெண்ணின் தலைமுடிக்கு எடை கிடையாது. மணம் உண்டு, கருமை உண்டு, நீளம் உண்டு. அது மேகமாகிறது, இருளாகிறது, ஆற்று மணலில் நீர் விட்டுச்சென்ற நெளிவாகிறது. அதைச் சுமக்கிறவளின் கழுத்து மட்டும், நான் படித்த வரையில், ஒரு தடவைகூட வலிப்பதில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு அலசிய முடி மார்கழியில் உலர எத்தனை நேரமாகும், ஈரத்தோடு பின்னினால் என்ன வாடை அடிக்கும், பேன்சீப்பு எந்த இடத்தில் சிக்கும் என்பதெல்லாம் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். கவிதைக்குத் தெரியாது.

நீள முடியா, குட்டை முடியா என்கிற விவகாரத்தை மரபு, நவீனம் என்று இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசி முடித்துவிடுவது நம் வழக்கம். சடை போட்டவள் இந்தப் பக்கம், வெட்டிக்கொண்டவள் அந்தப் பக்கம். இந்தப் பிரிவினையில் ஒரு சோம்பேறித்தனம் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டு பக்கத்திலும் பேசுவது பார்க்கிறவனின் கண்தான். தலைக்குச் சொந்தக்காரி காலையில் கண்ணாடி முன்னால் நின்று என்ன முடிவு செய்கிறாள், எதை வைத்து முடிவு செய்கிறாள், அந்த முடிவைச் சொல்ல நம் மொழியில் அவளுக்கு இடம் இருக்கிறதா? இதைச் சமூகவியல்காரர்களிடம் தள்ளிவிட முடியாது. மொழியைப் பற்றிய கேள்வி இது. ஆகவே எழுதுகிறவர்களைப் பற்றியதும்கூட.

முதலில் சொற்களைப் பார்க்கலாம். கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, அளகம், ஐம்பால். ஐம்பால் என்றால் ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்று பொருள் சொல்லி, முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என உரைகாரர்கள் எண்ணியும் காட்டுகிறார்கள். ஆணுக்குக் குஞ்சி, பித்தை, குடுமி என்று வேறு பட்டியல். நிகண்டுகள் ஆண்மயிரையும் பெண்மயிரையும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. பெண்ணுக்கான சொற்களில் பெரும்பாலானவை நீளத்தைச் சொல்லாமலே சொல்லிவிடுகின்றன. தோளைத் தொடாத முடியை ஐந்தாக முடித்துக் காட்ட யாராலும் முடியாது.

குட்டையான முடிக்கு என்ன சொல் இருக்கிறது? மொட்டை இருக்கிறது, அது முடியே இல்லாத நிலை. எலிவால் இருக்கிறது, அது கேலி. கிராப்பு, பாப் இரண்டும் கப்பலில் வந்தவை. 'குட்டை முடி', 'கட்டை முடி' என்கிறபோது நீளமாக இருந்திருக்க வேண்டிய ஒன்று அப்படி இல்லாமல் போயிற்று என்கிற குறை அடைமொழியிலேயே ஏறிவிடுகிறது. ஒருத்தி தானே விரும்பி வைத்துக்கொண்ட சிறிய முடிக்கு, புகழாகவும் இல்லாமல் வசையாகவும் இல்லாமல், தமிழில் ஒரு பெயர் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. தலையில் இருக்கும் வரையில் கூந்தல். சோற்றில் கிடந்தால் மயிர். திருக்குறளில் 'மானம்' என்கிற 97ஆம் அதிகாரத்தில் மயிர் இரண்டு தடவை வருகிறது. தன் நிலையிலிருந்து தாழ்ந்தவர்களுக்குத் தலையிலிருந்து விழுந்த மயிர் உவமை. மானம் போனால் உயிர்விடுபவர்களுக்கு மயிர் போனால் வாழாத கவரிமா உவமை. வள்ளுவர் ஆண் பெண் என்று பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் பிற்பாடு ஆண் தன் மானத்தை வேறு இடங்களுக்கு மாற்றிக்கொண்டான். பெண்ணின் மானம் பெரும்பாலும் தலையிலேயே தங்கிவிட்டது. கத்தரிக்கோல் ஒரு தடவை மூடித் திறப்பதற்குள் கூந்தல் மயிராகிவிடுகிறது. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் நிற்க ஓர் இடம் இல்லை என்பதுதான் வெட்டிக்கொள்ள நினைக்கிறவளின் முதல் பிரச்சினை. அழகு, நாகரிகம் என்பதெல்லாம் அதற்கப்புறம்.

கூந்தலைப் பற்றிய நம்முடைய மிகப் பிரசித்தமான விவாதம் நக்கீரன் கதை. பெண்கள் கூந்தலுக்கு இயற்கையிலே மணம் உண்டா என்பது பாண்டியனின் சந்தேகம். தருமிக்காகச் சிவன் எழுதித் தந்ததாகச் சொல்லப்படும் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவதாக இருக்கிறது. இயற்கை மணம் கிடையாது, எண்ணெயாலும் பூவாலும் வருவதுதான் என்று நக்கீரன் வாதாடுகிறான். நெற்றிக்கண் திறக்கிறது. நக்கீரன் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறான். 1965இல் 'திருவிளையாடல்' படம் வந்த பிறகு இந்தக் காட்சி குழந்தைகளுக்கும் மனப்பாடம். கருத்துச் சுதந்திரத்துக்கு முன்னோடி என்று நக்கீரனைக் கொண்டாடுகிறோம். கொண்டாடட்டும். ஆனால் சந்தேகம் கிளம்பியது அரசியின் கூந்தலிலிருந்து. அவள் பக்கத்திலேயே இருக்கிறாள். காலையில் தலைக்கு என்ன தேய்த்தாள், எதில் புகை போட்டாள் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சபையும் வேண்டாம், பொற்கிழியும் வேண்டாம். சிவனும் கேட்கவில்லை, நக்கீரனும் கேட்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி.

இதற்கு ஒப்பாகச் சமீப காலத்து விவாதம் ஒன்றும் உண்டு. திருப்பதியில் இறக்கும் முடி ஏலத்தில் போய், வெளிநாடுகளில் டோப்பாவாகிறது. மணமான பெண் தன் முடியை மறைக்க வேண்டும் என்பது வைதிக யூதர்களின் விதி. பலர் டோப்பாவால் மறைக்கிறார்கள். 2004 மே மாதம் ஜெரூசலத்தின் மூத்த மதகுரு எல்யாஷிவ், திருப்பதி முடி விக்கிரக வழிபாட்டில் படைக்கப்பட்டது, அதை அணியலாகாது என்று தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கில் புரூக்ளின் தெருக்களில் டோப்பாக்கள் எரிக்கப்பட்டன. இங்கே ஒருத்தி கழித்துக் கொடுத்தது அங்கே இன்னொருத்தியின் அடக்கத்துக்கு உறையாக இருந்து, பிறகு சாம்பலாயிற்று. தகராறு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: இந்த முடி யாருக்குக் கொடுக்கப்பட்டது?

இந்த 'யாருக்கு' என்பதுதான் முக்கியம். பெண் முடியை வெட்டுவதற்கு நம் சமூகம் காரணங்களே வைத்திருக்கவில்லை என்று சொல்ல முடியாது. தாராளமாக வைத்திருக்கிறது. சாமிக்கு என்றால் சரி. முழு மொட்டை கூடாதென்றால் பூமுடி கொடுக்கலாம். சாவு என்றால், சரி மட்டுமல்ல, ஒரு காலத்தில் கட்டாயம்: கணவனை இழந்தவள் முடி களையப்பட்டு, வளை நீங்கி, அல்லி அரிசி உண்டிருப்பதைப் புறநானூற்றின் 250ஆம் பாட்டு சொல்கிறது. அந்தக் கொடுமை பிராமணக் குடும்பங்களில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் நீண்டது. டைபாய்டு என்றால் பழைய நாளில் சரி. இப்போது புற்றுநோயாளிகளின் டோப்பாவுக்குத் தானம் என்றால் கைதட்டலே கிடைக்கும். கடவுள், பிணம், வியாதி, தர்மம். எல்லாக் காரணங்களிலும் வாங்கிக்கொள்கிறவர் ஒருவர் இருக்கிறார். 'எனக்கு' என்பது மட்டும் காரணமாகச் செல்லுபடியாவதில்லை.

என் அக்கா ஆசிரியை. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு நாள் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். காலை ஏழரை மணி பஸ், கழுத்துவலி, வீட்டில் தண்ணீர்க் கஷ்டம், கொஞ்சம் ஆசை என்று காரணங்கள் அவளிடம் இருந்தன. ஆனால் தெருவில் கேட்கப்பட்டவை வேறு. "என்னம்மா, உடம்புக்கு ஏதும் முடியலையா?" "திருப்பதியா, பழனியா?" "யாருக்காச்சும் குடுத்துட்டீங்களாக்கா?" முதல் வாரம் உண்மையைச் சொன்னாள். "ஆசையா இருந்திச்சு, வெட்டிட்டேன்" என்றால் எதிராளி அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். காரணம் இனிமேல்தான் வரும் என்பது போல. இரண்டாவது வாரத்திலிருந்து "வேண்டுதல்" என்று சொல்ல ஆரம்பித்தாள். கேள்விகள் உடனே நின்றன. அவளுக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. ஓர் உண்மை, மொழியில் போதிய இடம் இல்லாமல், பொய்யின் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவைக் கடக்க வேண்டியிருந்தது. இலக்கியத்துக்கு இதில் வேலை இல்லை என்று யாராவது சொன்னால், பிறகு எதில்தான் வேலை என்று கேட்பேன்.

பெரியார் இந்த இடத்தை நேரடியாகவே தொட்டார். பெண்கள் கிராப்பு வெட்டிக்கொள்ளட்டும், லுங்கியும் சட்டையும் போட்டுக்கொள்ளட்டும் என்றார். சிங்காரிப்பில் போகிற நேரத்தைக் கணக்குப் பார்த்த முதல் தமிழ்க் குரல்களில் அது ஒன்று. கூந்தலுக்கு எடையும் நேரமும் உண்டு என்று நம் கவிஞர்கள் பார்க்காததை அவர் பார்த்தார். ஆனால் அவர் காட்டிய மாதிரி ஆணின் தலை. குட்டை முடி என்றால் ஆண் முடி என்கிற சமன்பாட்டை அவர் கலைக்கவில்லை. அதை ஏற்றுக்கொண்டு பெண்ணை அந்தப் பக்கம் அழைத்தார். "ஆம்பளை மாதிரி வெட்டிக்கிட்டா" என்று வசையாகச் சொல்கிறவனும் அதே சமன்பாட்டைத்தான் பாவிக்கிறான்.

ஆணின் விஷயம் எப்படி முடிந்தது என்பதையும் ஒப்பிட வேண்டும். குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டவர்கள் ஒரு காலத்தில் வீட்டில் வசவு வாங்கியவர்கள்தாம். இரண்டு தலைமுறைக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. இன்று கிராப்பு என்று சொல்வதுகூட அருகிவிட்டது. ஆணின் வெட்டிய முடி வெறுமனே 'முடி'. பெயர் தேவைப்படாத அளவுக்கு அது இயல்பாயிற்று. பெண்ணுக்கு அந்த இயல்பு கிட்டவில்லை. அரசுப் பள்ளிச் சிறுமிக்கு ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, பெண் போலீஸுக்குத் தொப்பிக்குள் அடங்கும் கொண்டை என்று அவள் தலைக்கு ஒழுங்கு வெளியிலிருந்தே வந்துகொண்டிருக்கிறது.

இதையெல்லாம் வைத்து, வெட்டிக்கொள்வதுதான் விடுதலை என்று நான் சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். நீள முடியை விரும்பி வைத்திருக்கிறவளும் இதே நெருக்கடியில்தான் இருக்கிறாள். மொட்டைமாடியில் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கும் சுகம், விரல்களே சீப்பாகும் அந்த அரை மணி நேரம், வேறு யாருக்கும் காட்டுவதற்காக அல்ல. ஆனால் அவள் மாடியிலிருந்து இறங்கியதுமே அது 'லட்சணம்' ஆகிவிடுகிறது, 'குடும்பப் பாங்கு' ஆகிவிடுகிறது. அவளுடைய விருப்பம் பண்பாட்டின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. வெட்டியவளிடம் ஏன் என்று கேட்கிறார்கள்; வளர்த்தவளிடம் கேட்பதே இல்லை. கேட்கப்படாததும் ஒருவித அவமதிப்புத்தான்.

நம் இலக்கியத்தில் கூந்தல் பெரிய காரியங்களைச் செய்திருக்கிறது. கண்ணகி விரிந்த கூந்தலோடு பாண்டியன் சபைக்கு வருகிறாள். பாரதியின் பாஞ்சாலி, துச்சாதனன், துரியோதனன் இருவர் ரத்தத்தையும் பூசிக் குளித்தபின்தான் கூந்தலை முடிப்பேன் என்கிறாள். இவற்றின் உக்கிரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாஞ்சாலியின் சபதத்துக்கு முன்னால் துச்சாதனனின் கை இருக்கிறது. பற்றி இழுக்க அவனுக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. கூந்தல் அந்தப் பிடியாக இருந்தது. இன்றைக்கும் குடித்துவிட்டு வருகிறவனின் கை முதலில் போகும் இடம் கொண்டைதான். இந்த அனுபவத்தைக் காவியமாக்கியிருக்கிறோம்; அன்றாடமாக எழுதியது குறைவு.

ஜெயகாந்தனின் 'யுகசந்தி' ஒரு விலக்கு. மழித்த தலையோடு இருக்கும் கௌரிப் பாட்டி, மறுமணம் செய்துகொள்ள முடிவெடுத்த பேத்தி கீதாவின் பக்கம் நிற்கிறாள். கதையின் வாதம் கொஞ்சம் உரக்கவே ஒலிக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் அந்தத் தலையைப் பரிதாபத்தின் சின்னமாக மட்டும் விட்டுவிடாமல், ஒரு மனுஷியின் தலையாக, அதற்குள் ஒரு தீர்மானம் உருவாகும் இடமாக அவர் பார்த்துவிட்டார்.

அதன் பின் வந்த புதுக்கவிதையைப் பற்றி என்ன சொல்ல? யாப்பை விட்டது, பெரும்பாலும் கூந்தலை விடவில்லை. அதே இருள், அதே மேகம், வரிகளை மட்டும் உடைத்துப் போட்டால் போதும் என்றிருந்தது. 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்து பெரிய கூச்சல் எழுந்தது. பெண் உடலைப் பெண்ணே பேசுவது பற்றி அன்று நடந்த வாதங்களில் முடி ஒரு விஷயமாக எழுந்ததாக எனக்கு நினைவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. மறைத்து வைத்ததைப் பெயர் சொல்லி அழைப்பதில் ஒரு எதிர்ப்பு தானாகவே சேர்ந்துவிடுகிறது. கண்ணுக்கு முன்னாலேயே தொங்கிக்கொண்டிருப்பதைப் பேசுவது அதைவிடக் கடினம். அதைப் பற்றி எல்லாம் ஏற்கெனவே சொல்லப்பட்டாயிற்று, சொன்னவர்கள் எல்லாரும் வெளியிலிருந்து சொன்னவர்கள்.

எனக்கு வேண்டியது பெரிய படிமம் எதுவும் இல்லை. வாரும்போது உதிர்ந்ததைச் சுருட்டிச் சுவர்ப்பொந்தில் செருகி வைத்து, முடிக்காரன் வந்தால் பாத்திரம் வாங்கியவர்களின் கை அசைவு ஒரு கவிதையில் வரட்டும். வெட்டிக்கொண்ட முதல் நாள் குளிக்கும்போது, பழக்கத்தில் முதுகுப் பக்கம் போய் ஒன்றும் அகப்படாமல் திரும்பும் கை வரட்டும். அதில் துக்கமும் இருக்கலாம், சிரிப்பும் இருக்கலாம். இரண்டும் இல்லாமல் வெறும் ஆச்சரியமாகவும் இருக்கலாம். அந்த முடிக்கு என்ன பெயர் என்பதை எழுதுகிறவளே தீர்மானிக்கட்டும். கூந்தலுக்கும் மயிருக்கும் நடுவில் ஒரு சொல் அப்படித்தான் வரும், அகராதிக் குழு கூடி வராது. அப்படி ஒன்றை யாராவது எழுதினால், இந்தப் பத்திரிகையில் இடம் இருக்கிறது.