எறிவது லைனைத்தான்

ஆவடியில் சேக்காடு, பட்டாபிராம் பக்கம் ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு நரம்பைப் பற்றிக் கவலை கிடையாது. ஒரு சுருள் தங்கூஸ், ஒரு முள், தக்கை, ஈயக்குண்டு, கொஞ்சம் புழு. ஈயக்குண்டின் கனம் தங்கூஸை இழுத்துக்கொண்டு போய்விடும். ஃப்ளை தூண்டிலில் கதை தலைகீழ். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த பூச்சிக்குக் கனமே இல்லை. வீசுவதற்கான கனம் முழுக்க லைனில்தான். ராடு, ரீல் என்று மணிக்கணக்கில் பெருமை பேசுகிறவரிடம் நான் முதலில் லைனைக் காட்டச் சொல்வேன்.

நல்ல லைன் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பின்னால் வீசி, அது நீண்டு முடியும்வரை ஒரு கணம் பொறுத்து, முன்னால் செலுத்திச் சட்டென்று நிறுத்த வேண்டும். லைன் குறுகிய வளையமாக உருண்டு, விரிந்து, கடைசியில் மெலிந்த நுனி பூச்சியைத் தண்ணீரில் வைக்கும். போடாது, வைக்கும். சாட்டை மாதிரிச் சொடுக்கினால் பூச்சி அறுந்து போவதுதான் மிச்சம்.

லைன் டப்பாவில் இருக்கும் எண் அமெரிக்காவில் 1961-இல் வகுத்த கணக்கு. முன்பகுதி 30 அடியின் எடையைச் சொல்வது அது: 5 என்றால் சுமார் 9 கிராம், 8 என்றால் சுமார் 13.6 கிராம். ராடின் எண்ணும் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஜிலேபி மீனுக்கு 5 தாராளம். விராலுக்கு 8 வேண்டும். அது கடித்ததும் பாசிக்குள் பாயும், இழுத்து வெளியே எடுக்க வலுவான ராடு தேவை.

எண்ணைவிட முக்கியம் வெயில். நீலகிரியில், 1907-இல் டிரவுட் பொரிப்பகம் வந்த அவலாஞ்சி பக்கம், குளிர்நீர் லைன் அழகாக ஓடும். அதையே மே மாதம் ஆவடிக்குக் கொண்டுவந்தால் மேற்பூச்சு இளகி, ராடு வளையங்களுக்கு நடுவே தொய்ந்து, கையில் பிசுபிசுக்கும். வெப்பநாட்டு லைன் என்று தனியே விற்கிறார்கள். மேற்பூச்சு கடினமானது, உள்ளே விறைப்பான நூல். நம் ஊருக்கு அதுதான். ஊட்டிக் குளிரில் அது ஸ்பிரிங்காகச் சுருண்டு உயிரை வாங்கும், அது வேறு விஷயம்.

சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1887-இல் ஏரி, குளத் தூண்டிலுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் காலத்துப் பட்டு லைனை ஒவ்வொரு நாளும் ரீலிலிருந்து உருவிக் காயவைக்காவிட்டால் மக்கிப்போகும். மிதக்க வேண்டுமானால் கொழுப்பும் தடவ வேண்டும். பிளாஸ்டிக் பூச்சு வந்ததும் நாம் சோம்பேறிகளாகிவிட்டோம்.

பராமரிப்பு ஒன்றும் பிரமாதமில்லை. வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் மென்மையான குளியல் சோப்பு, பழைய வேட்டித் துணி. துணியை மடித்து லைனை அதன் நடுவே இழுத்தால் கறுப்பாக ஒரு கோடு விழும். ஏரிப் பாசியும் சேறும். அதோடு விட்டால் லைன் மிதக்காது, வளையங்களையும் அராவும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். துணி எங்காவது சிக்கினால் நின்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், வெடிப்பு தெரியும். பாத்திரம் துலக்கும் திரவமும் பெட்ரோலும் பக்கத்திலேயே வரக்கூடாது.

கொசு மருந்துதான் இங்கே பெரிய எதிரி. சாயங்காலம் ஏரிக்கரையில் அது இல்லாமல் நிற்க முடியாது. ஆனால் அதிலுள்ள டீட் என்ற ரசாயனம் லைனின் பூச்சைக் கரைத்துவிடும். புறங்கையால் பூசிக்கொண்டு, உள்ளங்கையைக் கழுவிவிட்டு லைனைத் தொடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் ரீலை விடாதீர்கள்.

காசு குறைவா? ரீலில் மிச்சம் பிடியுங்கள். ஜிலேபி பிடிக்க ரீல் வெறும் சுருட்டும் சாமான்தான். இரு முனையும் மெலிந்த டபுள் டேப்பர் லைனாக வாங்கினால், ஒரு பக்கம் தேய்ந்ததும் கழற்றித் திருப்பிச் சுற்றிக்கொள்ளலாம். கடைக்காரர் இதை அவராகச் சொல்லமாட்டார்.