அருணாசலமும் அகவழிபாடும்

தலப்பயணத்தின் பயன் யாது என்னும் வினா தமிழ்ப் பத்தி இலக்கியத்துக்குப் புதிதன்று. ஊர்தோறும் சென்று இறைவனைப் பாடிய அடியார்களே அவன் நெஞ்சினுள் உறைகின்றான் என்றும் பாடினர். உள்ளுறைபவனைக் காணப் புறத்தே நடப்பது ஏன்? இவ்வினா கிறித்தவத் துறவி ஒருவர்க்குத் திருவண்ணாமலையில் எழுந்தது. அதற்கு அவர் கண்ட விடையையும், அவ்விடையில் நிற்கும் சிக்கலையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அபிஷிக்தானந்தர் எனப் பின்னர் வழங்கப்பெற்ற ஹென்றி லெ சோ 1910-இல் பிரான்சு நாட்டில் பிறந்தவர். பெனடிக்டு சபைத் துறவி. 1948-இல் தமிழகம் வந்தார். மறு ஆண்டு சனவரியில் மொன்ஷனன் அடிகளாருடன் இரமணரைக் காணச் சென்றார். 1950-இல் இவ்விருவரும் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில், சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். 1952 முதற்கொண்டு அபிஷிக்தானந்தர் பலமுறை அண்ணாமலைக் குகைகளில் தங்கி மோன வாழ்வு வாழ்ந்தார். 1973-இல் இந்தூரில் மறைந்தார்.

அவர்தம் நூல்களுள் ஈண்டுக் கருதத்தக்கன இரண்டு. ஒன்று, 1967-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘செபம்’ என்னும் பொருள்படும் சிறுநூல். மற்றொன்று, அவர் மறைந்தபின் 1978-இல் பிரெஞ்சிலும் 1979-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த அருணாசல நினைவுகள்.

நினைவுநூலின் சிறப்பு அதன் நேர்மையாகும். ஒளிவட்டம் சூழ்ந்த ஞானியைக் காண விழைந்து சென்றவர், எளிய முதியவர் ஒருவரையே கண்டார். அவ்வேமாற்றத்தை அவர் மறைத்திலர். மிகுந்த சுமையோடு வந்துள்ளீர் என்று ஆங்கிலப் பெண்மணி ஒருவர் தம்மிடம் கூறியதையும் எழுதுகின்றார். அச்சுமை தோளில் தாங்கியதன்று. அறியவும் விளங்கிக்கொள்ளவும் முந்தும் அறிவின் வேட்கையே அது. காய்ச்சலுற்ற நிலையில், கனவிலும், புதிய அனுபவத்தைப் பழைய கருத்துகளுள் அடக்க முயன்று இயலாது போயிற்று என்கின்றார்.

‘செபம்’ இதற்கு வேறான நடையினது. இறைவன் திருமுன்னிலையை விட்டு நீங்கிய இடமுமில்லை, காலமுமில்லை. செபம் என்பது அம்முன்னிலைக்கு விழிப்புடன் இருத்தலே என்பது அந்நூலின் உயிர்க்கருத்து. கருத்து உயர்ந்ததே. ஆயின், அதனை எய்துதற்கு ஆசிரியர் பட்ட இடர் அந்நூலில் வெளிப்படவில்லை. அதனை மட்டும் கற்பார் அகவழிபாட்டை எளிதென மயங்கக்கூடும். ஆதலின் இரண்டனையும் சேர்த்துக் கற்றலே முறையாகும்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். வழிபாடு என்பதற்கு வழிபடுவோனும் வழிபடப்படுவோனும் என இருவர் வேண்டும். அண்ணாமலையின் மோனமோ இருமையை விழுங்குவது. எனின், அங்கே செபிப்பவர் யார்? யாரை நோக்கிச் செபிப்பது? ‘செபம்’ திருநாமங்களைப் பற்றிப் பேசுமிடத்து ‘ஓம்’ என்பதனையும், இயேசு தந்தையை விளித்த ‘அப்பா’ என்னும் அரமேயச் சொல்லையும் அருகருகே வைக்கின்றது. முன்னது ஒலி மோனத்தில் ஒடுங்கும் நிலை. பின்னது மகன் தந்தையை அழைக்கும் நிலை. ஒன்றற்காக மற்றொன்றை அவர் கைவிட்டிலர். இதனைத் தெளிவின்மை என்பாரும் உளர். எம் கருத்தில் அது தெளிவின்மையன்று. உண்மையாகப் பட்ட இரண்டனுள் ஒன்றைப் பொய்யாக்க மனம் இசையாமையே அது. அவ்வரமேயச் சொல் தமிழர் செவிக்கு அயலாக ஒலிப்பதன்று. இறைவனை அப்பனென்றும் அம்மையென்றும் விளித்துக்கொண்டே அவனுள் கரைந்த அடியார் மரபு நமக்கு உண்டு.

எச். ஏ. கிருட்டிண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. அக்காப்பியத்தின் பயணி தொலைவிலுள்ள நகரை நோக்கி நடக்கின்றான். ஆயினும், ஆங்கில மூலத்தின் கதைப்போக்கினிடையே கிருட்டிண பிள்ளை தேவாரம் எனும் பெயரால் துதிப்பாக்களை அமைத்துள்ளார். கதை நிற்க, வழிபாடு நிகழ்கின்றது. பயண முடிவில் எய்தற்குரியவன் வழியிடையே முன்னிலையாகின்றான்.

அண்ணாமலைத் தலவரலாறும் இதனையே வேறு வகையால் உணர்த்துகின்றது. மேலே பறந்து தேடிய அயனும் கீழே அகழ்ந்து தேடிய மாலும் அழற்பிழம்பின் எல்லையைக் கண்டிலர். அபிஷிக்தானந்தரின் நாட்குறிப்பு 1986-இல் பிரெஞ்சில் வெளிவந்தபோது பெற்ற பெயர் ‘நெஞ்சின் ஆழத்துக்கு ஏறுதல்’ என்னும் பொருளது. ஏறுதலும் ஆழ்தலும் அங்கு ஒன்றாகின்றன.

வேங்கிக்காலில் நின்று நோக்குவார்க்கும், மலையை வலம் வருவார்க்கும், குகையுள் இருப்பார்க்கும் மலை ஒன்றே. நோக்குவார்தம் நிலையே வேறு. புறப்பயணம் வீணன்று, சுமை இது என அது காட்டுகின்றது. இறக்கிவைத்தல் அகவழிபாட்டின் பணி. இவ்வுண்மையைப் பட்டறிந்து உரைத்தலின், தமிழில் எழுதப்பெறாதனவேனும் இந்நூல்கள் தமிழகத் தலப்பயண இலக்கிய வரலாற்றில் இடம்பெறும் தகுதியுடையன.