உதட்டை ஒட்டிய மைக்

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட ஹெலிகாப்டர் ஹெட்செட்டுகளில் எனக்குப் பிடித்தது அந்தச் சின்ன எம்-87 மைக். முன்னும் பின்னும் துளைகள் உண்டு. தூரத்து இரைச்சல் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் நுழைந்து, தன்னைத்தானே ரத்து செய்துகொள்கிறது. உதட்டருகே எழும் பேச்சு மட்டும் முன்பக்கத்தை ஓங்கித் தொடுகிறது. என்ன அழகான யோசனை! அதனால்தான் அதை உதட்டை உரசும்படி வைத்துப் பேச வேண்டும்.

இந்த மைக்கை ஹாம் ரேடியோவில் நேரடியாகச் செருகினால் குரல் எடுபடாது. இதன் மின்மறுப்பு வெறும் 5 ஓம். நம் கருவிகள் பலவும் 600 ஓம் அளவை எதிர்பார்க்கின்றன. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஸ்பீக்கர் டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கைகொடுக்கும். 8 ஓம் பக்கத்தை மைக்கிலும், 1,000 ஓம் பக்கத்தை ரேடியோவிலும் இணைத்தால் மின்னழுத்தம் சுமார் 11 மடங்கு உயரும். பேட்டரியே வேண்டாம். சில ரேடியோக்கள் மைக் கம்பியில் நேர்மின்சாரம் அனுப்பும். அதைத் தடுக்கத் தொடரில் ஒரு மின்தேக்கி போதும்.

ஹெட்செட்டில் இருக்கும் நாலு தொடுமுனைப் பிளக்கை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். பொருந்தும் சாக்கெட் வாங்கி, மாற்றங்களையெல்லாம் தனிப் பெட்டிக்குள் செய்துகொள்ளுங்கள்.