ஒட்டுக்கு ஏற்ற கண்

புளத்கொகுபிட்டியவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்து பெக்டரி ஒன்றுக்குள் போனால் தலை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். அந்தக் கால இரும்புச் சட்டங்களைப் பெரும்பாலும் ரிவெட்டும் போல்ட்டும்தான் பிடித்து நிறுத்தியிருக்கும். ரிவெட்டைச் சோதிக்க ஒரு சின்னச் சுத்தியல் போதும். தட்டினால் இறுகியது ஒரு நாதம் தரும், தளர்ந்தது வேறு நாதம் தரும். இப்போது புதுத் தூண் நிறுத்தினாலும், துருத் தின்ற இடத்தில் பட்டை போட்டாலும் எல்லாம் வெல்டிங்தான். அங்கே சுத்தியலின் காது எடுபடாது. வெட்டிப் பார்த்தால் உள்ளிருப்பது தெரியும், ஆனால் வெட்டிய ஒட்டு எதையும் தாங்காது. ஆகவே உடைக்காமல் பார்க்க வேண்டும். கண், ஊடுருவும் சாயம், காந்தத் தூள், ஊடுகதிர், மீயொலி என்று முக்கிய வழிகள் ஐந்து. இந்த ஐந்தில் சரியானதை எடுக்கிற கை எனக்கு ஒரு தேர்ந்த வாத்தியக்காரரின் கைக்குச் சமம்.

நல்ல பரிசோதகர் கருவிப் பெட்டியைத் திறக்குமுன் ஒட்டைப் பார்த்து யோசிப்பார்: இது உடைந்தால் எங்கே, எந்தத் திசையில் உடையும்? ஊடுகதிர்ப் படம் எல்லோரையும் மயக்கும். குமிழும் கசடும் கரும்புள்ளியாக விழும், கோப்பில் வைத்துக் காட்டலாம். ஆனால் கதிர் போகும் பாதைக்குக் குறுக்கே படுத்த மயிரிழை விரிசல் படத்தில் விழாமலே போகலாம். கட்டடத்தைக் கொல்வது பெரும்பாலும் குமிழல்ல, விரிசல்தான்.

மீயொலிக்கு அந்த விரிசலே கண்ணாடி. நேராகப் பட்டால் ஒலி அப்படியே திரும்பி வரும். இரண்டு தகடுகளை 30 பாகைச் சரிவாகச் சீவி V வடிவில் ஒட்டும்போது, சரிவோடு உலோகம் உருகிச் சேராமல் விடுவதுதான் பெரிய பயம். அதற்கு ஒலியைச் சரிவாக அனுப்பும் 60 பாகை புரோப் எடுப்பார்கள். அலை தகட்டின் அடியில் பட்டு மேலெழுந்து, அந்தச் சரிவைச் செங்குத்தாகப் போய் முட்டும். பள்ளிக்கூடக் கேத்திரகணிதம் இவ்வளவு அழகாக வேலை செய்யும் இடம் வேறொன்று எனக்குத் தெரியாது. பாம்பனில் 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய ரயில் பாலத்தின் ஒட்டுகளைப் பார்த்ததும் மீயொலியேதான். ஒரே புரோப்பிலிருந்து பல கோணங்களில் அலை அனுப்பும் அதன் புதிய வகை அது.

இரண்டு தகடுகள் மூலையில் சேரும் ஃபில்லட் ஒட்டில் இந்தப் பெரிய கருவிகள் திணறும். அங்கே எளிய காந்தத் தூளே ராஜா. இதைச் சொல்லும்போது எனக்கு அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற கடல் எண்ணெய்த் தொழில் மேடை நினைவுக்கு வரும். 1980 மார்ச் 27ஆம் திகதி வட கடலில் அது கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். தாங்கு குழாய் ஒன்றில் ஒலிவாங்கிக் கருவியைப் பொருத்தச் சின்னத் துண்டொன்றை 6 மில்லிமீற்றர் ஃபில்லட்டால் ஒட்டியிருந்தார்கள். முறிவு அங்கேயிருந்து கிளம்பியது. விரிசலின் உள்முகத்தில் பெயின்ட் இருந்தது. அதாவது, மேடை கட்டும்போதே விரிசல் வாய் திறந்திருந்தது. பெயின்ட் இறங்கிய வாயில் சாயமும் இறங்கியிருக்கும், காந்தத் தூளும் கோடு போட்டிருக்கும் என்பதே என் முடிவு. சின்ன ஒட்டு என்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

எப்போது பார்ப்பது என்பதும் தேர்வில் அடங்கும். நம் கேகாலைப் பக்கம் தென்மேல் பருவ மழை விடாது. வெல்டிங் குச்சி ஈரம் குடித்தால் ஐதரசன் ஒட்டுக்குள் போய், இரும்பு குளிர்ந்து மணிக்கணக்கான பிறகு விரிசல் விடும். தடித்த, வலுக்கூடிய இரும்பென்றால் 48 மணித்தியாலம் காத்திருந்து பார்ப்பதுதான் முறை. அன்றைக்கே பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் பிறக்காத விரிசலுக்குச் சாட்சி சொல்கிறார்.

கண்ணை மறக்கக் கூடாது. ஒட்டிலிருந்து 600 மில்லிமீற்றருக்குள், 30 பாகைக்குக் குறையாத கோணத்தில், நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்கிறது தரவிதி. முதலில் கண், பிறகே மற்றவை. சாயச் சோதனைக்கு மூன்று ஸ்பிரே டப்பா போதும், கரண்ட் கூட வேண்டாம். மீயொலி தேவையென்றால் களனியில் இலங்கை அணுசக்தி சபையின், உடைக்காமல் சோதிப்பதற்கான தேசிய நிலையம் இருக்கிறது.

பெக்டரிக்குப் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி மேடையோ கூரைச் சட்டமோ போடப்போகும் தோட்ட நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். வெல்டிங் கூலி பேசும் அன்றைக்கே எந்த ஒட்டை எந்த முறையில், எத்தனை மணித்தியாலம் கழித்து, யார் பார்ப்பார் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஃபில்லட் ஒட்டுகளை அந்தப் பட்டியலில் விட்டுவிடாதீர்கள்.